பாசி அங்கிளும் ஒற்றை மீனும்

கொழும்பில் கடல் தண்ணீர் குடிக்கும் போட்டி வைத்தால் எங்கள் பாசி அங்கிளை வெல்ல ஆள் பிறந்துதான் வரவேண்டும்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிவீட்டில் அவர் பக்கத்து அறை. சுற்றிவளைப்பில் ஆமி பிடித்துக்கொண்டு போன மகனைத் தேடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், மகனின் அறையிலேயே தங்கிவிட்டார். மகன் விட்டுப்போனது ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஒரேயொரு கடல்மீன். அவன் வரும்வரை மீன் சாகக்கூடாது. அங்கிளுக்கு வேறு விரதமே இல்லை.

தொட்டிக்குத் தண்ணீரை அங்கிள் கடற்கரையிலிருந்து பிளாஸ்ரிக் கானில் அள்ளி வருவார். வழியில் சோதனைச்சாவடி. ஆமிக்காரன் சிங்களத்தில் மறிப்பான்.

"பெற்றோல்த?"

"நே மஹத்தயா, முஹுது வத்துர."

கடல் தண்ணீர் என்றால் ஆமிக்காரன் நம்புவானா? "பீலா பென்னன்ன!" என்பான். குடித்துக் காட்ட வேண்டும். அங்கிள் மடக்கு மடக்கென்று குடிப்பார். ஆமிக்காரன் மாறும்போதெல்லாம் புதுப் பரீட்சை. பிறகு அன்றைக்கு முழுவதும் கழிவறை அவர் வசம்.

"மீனுக்குத்தான் கடல் வேணும். உங்களுக்கேன் அண்ணை?" என்று வீட்டுக்கார அன்ரி கதவைத் தட்டுவார்.

தொட்டி விளக்கை அங்கிள் இரவு பகலாக எரியவிட்டால் பாசி சும்மா இருக்குமா? காடாக மண்டியது. அங்கிள் தன் பிரஷ்ஷால் கண்ணாடியைத் தேய்த்தார், பல்லை விரலால் விளக்கினார். கரண்ட் போனால் ரோர்ச் அடித்துக்கொண்டு தொட்டியடியில் குந்தியிருப்பார்.

நாற்றம் பொறுக்காமல் அன்ரி பம்பலப்பிட்டியிலிருந்து வளர்ப்புமீன் கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தார்.

"லைட்டை நிப்பாட்டுங்க ஐயா. கறுப்புத் துணியால மூடி மூணு நாள் இருட்டுல வைங்க. மீனுக்கு ஒண்டும் ஆகாது, பாசி செத்திடும்."

இவ்வளவுதானா என்று எங்களுக்குப் பெரிய சந்தோஷம். அன்ரி துணியோடு ஓடி வந்தார். அங்கிள் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மூடாதேங்கோ தங்கச்சி. என்ரை பெடியனையும் இப்பிடித்தானே இருட்டுக்கை வைச்சிருப்பாங்கள்."

அன்ரி அந்தத் துணியாலேயே கண்ணைத் துடைத்தார். நான் திரும்பி நின்று அழுதேன். மறுநாள் விடிய அன்ரி புதுப் பிரஷ் ஒன்றுடன் வந்து கண்ணாடியைத் தேய்க்கத் தொடங்கினார். பிறகு வீட்டிலிருந்த எல்லாரும் முறைவைத்துத் தேய்த்தோம். பாசி எங்களைவிட வேகமாக வளர்ந்தது.

மகன் வரவேயில்லை. அங்கிள் கண்ணை மூடிய பிறகும் அந்த விளக்கை நிப்பாட்ட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.