ஹெல்மெட்டுக்கு இடம் பிடித்த கதை

ஒரகடத்தில் போக்குவரத்து விதியை முழுதாக மதித்த ஒரே மனிதரிடம் வண்டி கிடையாது. வீடும் கிடையாது. பஸ் நிறுத்தத்து நிழற்குடைதான் அவருக்கு எல்லாம். குளிக்கும்போது தவிர ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார். குளியலும் அடிக்கடி நடக்கிற சங்கதி இல்லை. பெயரைக் கேட்டால் சிரிப்பார். நாங்களே ஹெல்மெட் என்று வைத்துவிட்டோம்.

கம்பெனி பஸ்ஸுக்குத் தினமும் அங்கே நிற்பவள் நான். "தூங்கறப்பகூட எதுக்குண்ணே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மழை வருது, நாய் வருது, குடிகாரன் வந்து ஒதைக்கிறான். எல்லாத்துக்கும் இது ஒண்ணுதாம்மா."

உதவிக்குப் பஞ்சமே இல்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் பிரியாணி, அமாவாசைக்குத் தயிர்சாதம், கம்பெனிக்காரர்கள் பேனரோடு வந்தால் போர்வை. சித்திரை வெயிலிலும் போர்வை! ஆனால் எல்லாமே நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். எழுந்து போனால் ஒன்றும் கிடையாது.

குன்றத்தூரிலிருந்து வந்த ஒரு சின்னக் குழு மட்டும் பொட்டலம் கொண்டுவரவில்லை. சேரப்பணஞ்சேரியில் ஒரு ஹாஸ்டலில் வாட்ச்மேன் வேலையும் தங்க ஓர் அறையும் பேசிவிட்டு வந்தார்கள். ஒரு வாரம் பார்க்கலாம் என்றாராம் ஹாஸ்டல்காரர். ஹெல்மெட் நகரவே இல்லை.

"ஒரு வாரங்கழிச்சு போய்யான்னுட்டா? இங்க வேற ஆளு குந்திக்கினு இருப்பான். அப்பறம் சோத்துக்கு எங்கம்மா போறது?"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. "நீங்க போங்கண்ணே, எடத்த நான் பாத்துக்கறேன்" என்று வாய் முந்திக்கொண்டது.

அந்த வாரம் எனக்கு மதிய ஷிஃப்ட். காலையிலேயே யூனிஃபார்மோடு போய் அவர் விட்டுப்போன மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். முதல் நாளே தயிர்சாதம் வந்தது. மறுநாள் ஓர் அம்மாள் என்மேல் போர்வையைப் போர்த்தி, "ஐடி கார்டெல்லாம் மாட்டிக்கினு கீது, பாவம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் போட்டோ எடுத்தாயிற்று. அது எப்படியோ எங்கள் கம்பெனி லைன் வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்து, சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வூடு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாம்மா? ஓ.டி. போட்டுத் தரேன்."

விஷயம் தெரிந்து லைனில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு ஷேர் ஆட்டோ நிற்கும்போதும் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்களோ என்று எட்டிப் பார்ப்பேன். பயந்தது போலவே ஒருநாள் அதிலிருந்து ஹெல்மெட் இறங்கினார்.

"அனுப்பிட்டாங்களாண்ணே?"

"இல்லம்மா. எடம் கீதான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

பெஞ்சைத் தட்டிப் பார்த்தார். திருப்தி. அன்றைக்கு எனக்கு வந்த பிரியாணியையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போகிற ஆட்டோவில் ஏறிவிட்டார்.

வாரம் முடிந்தது. ஒரு தகவலும் இல்லை. மனசு கேட்காமல் ஹாஸ்டலுக்கே ஓடினேன். கேட்டில் ஒரு வழுக்கைத் தலைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

"இங்க ஹெல்மெட் அண்ணன்னு ஒருத்தர்..."

"இன்னாம்மா, என்கிட்டயே என்னப் பத்தி கேக்கற?"

அவருடைய அறைக்குள் எட்டிப் பார்த்தேன். ஹெல்மெட் ஆணியில் தொங்கியது.

"கதவு கீதேம்மா. அப்பறம் அது எதுக்கு?" என்றார்.

இப்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த பெஞ்சின் ஓரத்தில்தான் உட்காருகிறேன். அவருடைய இடம் காலியாகவே இருக்கிறது. வல்லக்கோட்டை முருகா, அவர் மட்டும் அதில் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது.