பதினோரு கிலோ பொய்

பொய் சொல்லாத மனிதர் கிடையாது. ஆனால் தான் சொன்ன பொய்யின் எடை இவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்த ஆள் அநேகமாக நான் ஒருவன்தான் இருப்பேன். பதினோரு கிலோ. சாமி சன்னதியில், குடும்பத்தார் முன்னிலையில், தராசு கட்டி நிறுத்துப் பார்த்த கணக்கு இது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். எடை நாற்பத்தேழரை கிலோ. ("சட்டையை ஹேங்கரிலிருந்து எடுத்து இன்னொரு ஹேங்கரில்தான் மாட்டுகிறாய்" என்பாள் தங்கை.) காலை ஒன்பது மணி மெட்ரோவில், எள் போட்டால் கீழே விழாத கூட்டத்தில், நான் மட்டும் எப்படியாவது நுழைந்துவிடுவேன். இந்த உடம்பால் எனக்குக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

வினை ஒரு கல்யாணத்தில் ஆரம்பித்தது. பாளையங்கோட்டையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். பந்தியில் என்னைப் பார்த்த அத்தை, அம்மாவிடம் நாலு பேர் கேட்கக் கேட்டாள்: "ஏ மதினி, டெல்லியில புள்ளைக்குச் சோறு போடுதியா? இல்ல, மோந்து பாக்கச் சொல்லிட்டு இலைய எடுத்திருதியா?"

பந்தியே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். அப்புறம் டெல்லி வந்து சேரும்வரை, இரண்டு நாள் ரயிலில், ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸுக்குள் நுழைந்து, பெட்டியைக்கூடத் திறக்காமல், சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

"முருகா, இவன் அம்பத்தெட்டு கிலோ வந்தா உனக்கு எடைக்கு எடை வெல்லம் துலாபாரம். அதுவரைக்கும் நான் சோறு தொடமாட்டேன்."

(ஐம்பத்தெட்டு என்பது டாக்டர் சொன்ன கணக்கு. என் உயரத்துக்குக் குறைந்தபட்சம் அது வேண்டுமாம். சோறு விஷயம் அம்மாவே சேர்த்துக்கொண்டது.)

இதன் கொடுமை புரிய வேண்டுமானால் அம்மாவைத் தெரிய வேண்டும். இருபத்தெட்டு வருஷ டெல்லி வாழ்க்கையில் சப்பாத்தியை அவள் ஒரு சாப்பாடாக ஒப்புக்கொண்டதே இல்லை. "வறட்டி" என்பாள். சோற்றை விட்டால் இட்லி தின்னலாமே என்றால், இட்லியும் அரிசி. தோசை அரிசி. புட்டும் இடியாப்பமும் அரிசி. ஒரே வாக்கியத்தில் தன் மொத்தச் சமையலையும் துறந்துவிட்டாள். எங்களுக்குச் சோறு பரிமாறிவிட்டு, எதிரே உட்கார்ந்து, சாம்பாரில் வறட்டியை நனைத்து விழுங்குவாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எவனுக்குப் பசிக்கும்? நான் வழக்கமாகச் சாப்பிடுவதும் பாதியாகக் குறைந்தது.

ஞாயிறுதோறும் எடை பார்க்கும் படலம். வீட்டு மெஷினை அம்மா நம்பவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் எங்களுக்கு அரிசி, பருப்பு கொடுக்கும் அண்ணாச்சியின் கடையில், மூட்டை நிறுக்கிற தராசில்தான் ஏற வேண்டும். "அரிசிக்குப் பொய் சொல்லாத தராசு, உனக்கா சொல்லப் போவுது?" என்பாள். அண்ணாச்சி நாங்குநேரிக்காரர். என்னை மேலும் கீழும் பார்ப்பார். "பொன்னி மூட்டை இருபத்தஞ்சு கிலோ. ரெண்டு மூட்டைக்குக்கூடத் தேற மாட்டேங்கீரே தம்பி." பின்னால் வெண்டைக்காய் வாங்க நிற்கும் கூட்டமும் எட்டிப் பார்க்கும்.

ஜிம்மிலும் சேர்ந்தேன். ஒரு பேஸ்மென்ட். டிரெய்னர் பையா என் கையைப் பிடித்துப் பார்த்தார், முருங்கைக்காய் முற்றலா என்று பார்ப்பதுபோல. "பஹ்லே கானா கா, பாயி" என்றார். முதலில் சாப்பிடு, தம்பி. காலையில் டீயும் ரஸ்க்கும், மத்தியானம் ஆபீசில் ஒரு சமோசா என்று ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு அது ஏதோ தத்துவம்போலப் பட்டது. தத்துவத்தைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நேரே பெரிய பளுவைத் தூக்கி, முதுகு பிடித்துக்கொண்டு, ஒரு வாரம் படுத்தேன். அதில் அரை கிலோ போனது.

முதல் பொய்யை நான் சொல்லவில்லை. ஸ்வெட்டர்தான் சொன்னது.

நவம்பரில் ஒரு ஞாயிறு. பனியும் புகையும் சேர்ந்து எதிர்வீடே தெரியவில்லை. ஸ்வெட்டரோடு தராசில் ஏறினேன். ஒரு கிலோ கூடியிருந்தது. அம்மா "முருகா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஸ்வெட்டரைக் கழற்றப் போனேன், சத்தியமாக. "கழட்டாதய்யா, சளி புடிச்சிரும்" என்று அவளே கையைப் பிடித்துவிட்டாள். அன்றைக்கு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு இன்னொரு ஸ்வெட்டர். அதற்கடுத்து பூட்ஸ். அப்புறம் அப்பா சிம்லாவில் வேலை பார்த்த காலத்து ஓவர்கோட். துணிமணியால் ஏற முடிந்தது மூன்றரை கிலோதான். அதோடு நின்றிருப்பேன். ஆனால் ஒரு நாள் காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறிய அம்மா, பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். "ஒண்ணுமில்ல, கிறுகிறுன்னு வந்துச்சு." அவள் ரவிக்கை தோளில் தொளதொளவென்று கிடந்தது. நான் ஏற்றாத எடையை எல்லாம் அவள் இறக்கிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் ஜிம்மிலிருந்து இரண்டரை கிலோ இரும்பு பிளேட் ஒன்று, டிரெய்னர் பையாவுக்குத் தெரியாமல், என்னோடு வீட்டுக்கு வந்தது.

கோட்டுக்கு உள்பக்கம் பெரிய பைகள். குளிர் ஏற ஏற நானும் ஏறினேன். ஒரு பிளேட், இரண்டு பிளேட், மூன்று. மார்க்கெட்டுக்கு நடந்து போவதற்குள் தோள் கழன்றுவிடும். (நான் உருப்படியாகச் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான் என்பது பின்னால் தெரிந்தது.) அண்ணாச்சிக்கோ பெருமை பிடிபடவில்லை. "எல்லாம் நம்ம கடை அரிசி" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என்னைக் காட்டினார்.

ஜனவரி முதல் ஞாயிறு, தராசு முள் ஐம்பத்தெட்டில் நின்றது.

அன்று மத்தியானம் அம்மா சோறு சாப்பிட்டாள். வெறும் ரசம், சுட்ட அப்பளம். கையால் பிசைந்து, ஒரு வாய் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். மென்று முடித்தும் கண்ணைத் திறக்கவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த நிமிஷத்தில்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் "இன்னொரு அப்பளம் வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

துலாபாரம் சித்திரையில் இருக்கும், அதற்குள் நிஜமாகவே தேற்றிவிடலாம் என்று நினைத்திருந்தேன். "சாமி காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது" என்று தை கடைசி ஞாயிறுக்கே அம்மா சீட்டு வாங்கிவிட்டாள். சரி, கோட்டோடு உட்கார்ந்துவிடுவோம் என்று தைரியம் சொல்லிக்கொண்டேன். டெல்லிக் குளிரில் கோயிலில் எல்லாரும் ஸ்வெட்டர், மஃப்ளரோடுதான் நிற்பார்கள். அதையே பார்த்து வளர்ந்தவன் நான். தராசில் உட்காருகிறவன் மேல்சட்டை இல்லாமல் வேட்டியோடு உட்கார வேண்டும் என்பது, ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். இருபத்தாறு வயது அறிவுக்கொழுந்துக்குத் தெரியவில்லை.

"கோட்டு, சட்டை எல்லாம் கழட்டிட்டு வாங்கோ" என்றார் குருக்கள்.

"குளிருது சாமி" என்றேன். "அஞ்சு நிமிஷம்தானே" என்றார் அவர். கோட்டைக் கழற்றினேன். அப்பா கை நீட்டி வாங்கினார். வாங்கிய கை பொசுக்கென்று தாழ்ந்தது. உள்பைக்குள் கைவிட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் சர்க்கார் ஃபைல் பார்த்தவர், அந்த ஃபைலை ஒரு நொடியில் படித்து முடித்தார். என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னார்: "இப்பவாவது சொல்லிரு."

நான் சொல்லவில்லை. கடைசி நிமிஷத்தில் ஏதாவது நடந்து தப்பித்துவிடுவோம் என்று நம்பும் ஜாதி நான்.

ஒரு தட்டில் ஐம்பத்தெட்டு வெல்லப் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் ஒரு கிலோ. அண்ணாச்சியே கட்டிக் கொண்டுவந்திருந்தார். மறு தட்டை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, நான் ஏறிச் சம்மணம் போட்டேன். கையை விட்டார்கள்.

ஜிவ்வென்று மேலே போய்விட்டேன். விலா எலும்பெல்லாம் தெரிய, குளிரில் வெடவெடவென்று ஆடிக்கொண்டு, உத்தரத்துக்குப் பக்கத்தில் தொங்கினேன். தங்கை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "அரே, அண்ணா பறக்கிறான்!"

"வெல்லம் கூடிடுத்து, எடுங்கோ" என்றார் குருக்கள். அண்ணாச்சி ஒரு பொட்டலம் எடுத்தார். தட்டு அசையவில்லை. இரண்டு. மூன்று. அம்மா வாய்விட்டு எண்ண ஆரம்பித்தாள். ஏழு வந்தபோது அவள் குரல் உள்ளே போய்விட்டது. பதினொன்றில் நான் சமனுக்கு இறங்கினேன்.

அம்மா திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தாள். "அண்ணாச்சி, உங்க தராசு...?"

அந்த மனிதர் முகம் செத்துவிட்டது. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவர் கடையில் அரிசி வாங்குகிறவர்கள். "தாயி, இருவது வருஷமா அதுலதான் எல்லாருக்கும் அளந்து போடுதேன். முருகன் சத்தியமா ஒரு கிராம் ஏமாத்தினதில்ல" என்று சன்னதி பக்கம் கைகூப்பினார். அதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

"தராசு சரியாத்தாம்மா இருக்கு. நான்தான்." தட்டில் உட்கார்ந்தபடியே சொன்னேன். அப்பா கோட்டிலிருந்து மூன்று பிளேட்டையும் எடுத்து, தாம்பூலத் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தார்.

அம்மா அடிக்கவில்லை, திட்டவில்லை. அடித்திருந்தால் தேவலை. பிளேட்டைப் பார்த்தாள், சன்னதியைப் பார்த்தாள். "நான் அஞ்சு வாரமாச் சோறு தின்னுட்டேனே முருகா" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குச் சாப்பாடு இறங்காது. அன்று மத்தியானம் வீட்டில் மறுபடி வறட்டி.

பதினோரு பொட்டலமும் எங்களோடு திரும்பி வந்து பரணில் உட்கார்ந்துகொண்டன. பாயசம் வைக்க யாருக்கும் துணிவில்லை. எறும்புகள் மட்டும் நன்றாகத் தேறின.

அதன் பிறகுதான் ஒழுங்காக ஆரம்பித்தேன். பிளேட்டுகளைத் திருப்பிக் கொடுத்தபோது டிரெய்னர் பையா சிரிக்கவில்லை. "இதைப் பையில் வைக்காதே, கையில் தூக்கு" என்றார். காலையில் இட்லியோடு முட்டை, பதினொரு மணிக்கு வேர்க்கடலையும் வாழைப்பழமும், மத்தியானம் டிபனில் நிறையத் தயிர்சாதம், படுக்கும் முன் பால். பளுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன், ஒழுங்காகத் தூங்கினேன். மாதத்துக்கு அரை கிலோ ஏறினால் அதிகம். சில மாதம் அதுவும் இல்லை. பதினோரு கிலோ பொய்க்குப் பத்து வாரம் போதும். உண்மைக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இரண்டு வருஷமும் அம்மா சப்பாத்தி.

ஒரு மே மாத ஞாயிறு, பனியனோடு அந்தத் தராசில் ஏறினேன். "பையத் தட்டிக் காட்டும் தம்பி" என்றார் அண்ணாச்சி. காட்டினேன். ஐம்பத்தெட்டு. அவரே ஓடிப்போய் அம்மாவுக்கு ஐந்து கிலோ பொன்னி கட்டினார்.

அந்த வாரம் அம்மாவுக்குக் கால் மரத்துப்போகிறது என்று டாக்டரிடம் கூட்டிப் போனோம். சர்க்கரை. "சோற்றைக் குறையுங்கள், இரண்டு சப்பாத்தி போதும்" என்றார் டாக்டர். ரெண்டு வருஷமாச் சப்பாத்திதான் என்று அப்பா சொன்னதும், அவர் முகம் மலர்ந்தது. "வெரி குட்! அப்படியே கன்டின்யூ பண்ணுங்கள்."

ஆட்டோவில் வரும்போது அம்மாதான் முதலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்போது நான் அறுபத்திரண்டு கிலோ. கல்யாணமாகி, டெல்லியிலேயே துவாரகாவில் இருக்கிறேன். எங்கள் வீட்டில் யார் எதை மிகைப்படுத்தினாலும், "எத்தன கிலோ?" என்பதுதான் கேள்வி. தங்கை தன் சம்பளத்தைச் சொன்னால் கேட்போம். அப்பா தான் மூன்று கிலோமீட்டர் வாக்கிங் போனதாகச் சொன்னால் கேட்போம். என்னை மட்டும் யாரும் கேட்பதில்லை. நான் ஆயுளுக்கும் சேர்த்துச் சொல்லியாகிவிட்டது.

போன ஞாயிறு மத்தியானம் போன் செய்தேன்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்பிட்டேன்யா. சப்பாத்திதான்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "எத்தன கிலோன்னு கேளு!"

கேட்டேன். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"ஒரு கைப்பிடிதாம்ல. ரசத்துக்கு."