எ செகண்ட், தி செகண்ட்

பெண் பார்க்கப் போன இடத்தில் ஒன் பை டூ காபி சொன்ன மகானுபாவன் உத்தமன் ஒருவனாகத்தான் இருக்க முடியும். பெங்களூர் மல்லேஸ்வரம் ஓட்டலில் பழக்க தோஷம், வாய் தவறிவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த யாமினி ஒக்கலிபுரத்துப் பெண், இங்கிலீஷ் டீச்சர். பாதிக் காபியைக் குடித்துவிட்டு, "வரேங்க" என்று போயே போய்விட்டாள்.

அவனுக்கோ அவளை அவ்வளவு பிடித்துவிட்டது. இன்னொரு வாய்ப்புக் கிடைத்தால் போதும். டீச்சராயிற்றே என்று இங்கிலீஷில் மெசேஜ் தட்டினான்.

"கிவ் மீ எ செகண்ட்."

பதில் தமிழில் வந்தது. "குடுத்தேன். ஒரு செகண்ட் முடிஞ்சிடுச்சு."

அறைத் தோழன் ராஜேஷ்குமார் தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், ஃபர்ஸ்ட், செகண்டுக்கு முன்னாடி 'தி' போடணும்டா. கான்வென்ட்ல அடிச்சுச் சொல்லிக்குடுத்தாங்க."

"ஐ வான்ட் தி செகண்ட்" என்று போனது.

"'தி' போட்டா குறிப்பா அந்த ரெண்டாவதுதான். என்னை ரெண்டாந்தாரமா கேக்குறீங்களா? மூத்தவங்க எங்க இருக்காங்க?"

உத்தமனுக்கு வியர்த்துவிட்டது. "டேய், குடியைக் கெடுத்துட்டியேடா."

"சும்னே பயப்படாத. அவதான் முதல்னு சொல்லிடு."

"யூ ஆர் தி ஃபர்ஸ்ட்."

"ஓ. அப்ப எனக்குப் பின்னாடி வரிசையில எத்தனை பேரு நிக்கிறாங்க?"

உத்தமன் வாயைப் பிளந்தான். கோபமே வரவில்லை, மலைப்புத்தான் வந்தது. தமிழில் பிறந்ததிலிருந்து இந்த இரண்டும் இல்லாமலே காலம் தள்ளியிருக்கிறான். 'எ' போட்டால் கடிகாரம் ஓடுகிறது, 'தி' போட்டால் சக்களத்தி வந்து நிற்கிறாள். இத்தனூண்டு எழுத்துக்கு இவ்வளவு சக்தியா? இதையெல்லாம் மேய்த்துக் கட்டுகிற பெண் எப்பேர்ப்பட்டவள்!

விளக்கம் சொல்ல யாமினி வீட்டுக்கு ராஜேஷ்குமாரை மூன்றாவது ஆளாக அழைத்துப் போவது என்று முடிவாயிற்று. 'தி'தானே வில்லங்கம் என்று இந்தத் தடவை கவனமாக 'எ' போட்டான். "ஐ வில் ப்ரிங் எ தேர்ட்."

"எ தேர்ட்னா மூணுல ஒரு பங்கு. காபி பாதி, ஆளு அதைவிடக் கம்மியா?"

ராஜேஷ்குமார் நைசாகக் கழன்றுகொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலை உத்தமன் தனியாகவே ஒக்கலிபுரத்தில் போய் நின்றான். கதவைத் திறந்தவள் யாமினியின் அம்மா தனலக்ஷ்மி.

"அம்மா, சத்தியமா எனக்கு மூத்த சம்சாரமெல்லாம் கிடையாதுங்க. இங்கிலீஷ்தான் காலை வாரிடுச்சு. யாமினி வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

"உள்ள வாங்க மாப்ள. அவ காபி குடிச்ச அன்னிக்கே சரின்னு சொல்லிட்டா. உங்க மெசேஜைத்தான் தினம் போர்டுல எழுதிப்போட்டு ஏழாங்கிளாஸுக்குப் பாடம் நடத்துறா, அது முடியறவரைக்கும் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னுட்டா."