நத்தை நடைபாதை கடந்த படலம்

ஒரு தாளை நூறாக்கும் வித்தகரே, வெள்ளெழுத்துக் கண்ணாடி வேந்தரே, மூன்றாம் மாடிவரை மூச்சு வாங்காமல் ஏறுவதாகச் சொல்லிக்கொள்ளும் சூரரே, ஜெராக்ஸ் கடைக்காரரே, நீர் வாழ்க! உம் கைக்குடை வாழ்க!

அன்னாரின் இல்லத்தரசியார் கண் அறுவை சிகிச்சை முடிந்து, இரு விழிகளிலும் வெண்கட்டு ஏந்திக் கட்டிலே கதியென்று கிடந்தார். ரேடியோ கேட்டுச் சலித்து, தலையணையோடு சண்டையிட்டுத் தோற்று, ஒரு மாலை, மழை விட்டதும் கணவருக்கு ஆணையிட்டார்.

“சும்மா எதிர்ல உக்காந்து பெருமூச்சு விடாதீங்க. வெளிய போய், உசுரோட பச்சையா ஏதாவது பாத்துட்டு வந்து சொல்லுங்க. டிராஃபிக் கதை மட்டும் வேண்டாம்.”

அவ்வாணையைச் சிரமேற்கொண்டு, மனைவியின் கண்களாகத் தம் கண்களைப் பூண்டு, சிமெண்ட் பெருங்கடலுள் புகுந்தார் மாவீரர். வங்கி வாசலில் தளதளவென நின்ற செடியைக் கண்டு உளம் பூரித்து இலையை வருடியவர், அது பிளாஸ்டிக் என்றறிந்து, காவலாளி காணுமுன் புறமுதுகிட்டார். புள்ளினத்தின் குரலோ எனச் செவி சிலிர்க்கத் திரும்பினால், லாரி ஒன்று கீச்சிட்டபடி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது. மெய்யான புறா ஒன்றும் எதிர்ப்பட்டது. ஆயின் அது அவர் தோளில் தன் முத்திரையைப் பொறித்துப் பறந்தது. இதைப் போய் எப்படிச் சொல்வது?

மனமுடைந்து குனிந்த கணத்தில்தான் கண்டார். சாக்கடை மூடியிலிருந்து புறப்பட்டு, எதிர்ச்சுவரின் பாசியை நோக்கி, கொம்பிரண்டும் நிமிர்த்தி, மாளிகையை முதுகில் சுமந்து, வெள்ளிக்கோடு கிழித்து வந்துகொண்டிருந்தது ஒரு நத்தை.

அந்தோ! அக்கணமே அலுவலகங்கள் வாய் திறந்தன. செருப்பும் பூட்ஸும் குதிகால் உயர்ந்த பாதணியுமாய், கரையுடைத்த வெள்ளமென வந்தது மானிடப் பெரும்படை. சுழன்றார் வீரர், குடையை விரித்துத் தரையில் மதிலெனச் சாய்த்தார், காலிரண்டும் அகட்டி மலையென நின்றார். முணுமுணுப்புகள் அம்பெனப் பாய்ந்தன, பைகள் கதாயுதமென விலாவில் மோதின, அசைந்தாரில்லை. படை இரண்டாய்ப் பிளந்து ஓடியது.

அவ்வேளை, சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்த இருசக்கரத் தேரொன்று, நெரிசலுக்கு அஞ்சி நடைபாதை ஏறி, சங்கென ஒலிப்பானை முழக்கி வந்து நின்றது.

“நடு வழியில குடையை விரிச்சு வெச்சிருக்கீங்களே, என்ன சார்?” என்றான் தேரோட்டி.

“உள்ள ஒருத்தர் போயிட்டிருக்காருப்பா. வண்டிய அணை.”

இளைஞன் எட்டிப் பார்த்தான். இறங்கி, தேரைக் குறுக்கே நிறுத்தி இரண்டாம் மதிலாக்கினான். கைப்பேசி அலறியது. பசித்த வயிற்றுக்குரிய அம்மையாரிடம் அவன் பணிவோடு சொன்னான்:

“ஜாம்ல நிக்கறேன் மேடம். முன்னாடி ஒருத்தர் ரொம்ப மெதுவா போறாரு.”

யுகம் ஒன்று ஊர்ந்து கழிந்தது. நத்தையார் பாசியைத் தொட்டார். வானவர் பூமாரி பொழியாவிடினும், மேல்மாடி ஏசி இருவர் தலைமீதும் சில துளி சொரிந்து வாழ்த்தியது.

வெற்றித் திருமகளை மணந்து வீடு திரும்பிய வீரர், கட்டிலருகே அமர்ந்து, குடையின் அகலத்தைத் தவிர வேறெதையும் மிகைப்படுத்தாமல் நடந்ததெல்லாம் உரைத்தார். இல்லத்தரசியார் மூச்சடக்கிக் கேட்டிருந்தார்.

“போறப்ப உங்களத் திரும்பிப் பாத்துச்சா?”

“கொம்ப ஒரு தடவ ஆட்டுச்சு,” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர், சத்தியம் செய்பவரைப் போல.

அதற்கு அந்தம்மா சிரித்த சிரிப்பில் ஒரு கண்ணின் கட்டு நழுவிவிட, இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள்.