மடியாக எடுத்த கடல் தண்ணீர்

அந்தப் பாட்டில்களை நீங்கள் திறக்கவே இல்லை, ஐயா. ஒன்றைத் திறந்தீர்கள். மற்றவற்றைத் தொடக்கூட இல்லை. போன மாதம் மயிலாப்பூரில் ஒரு கூட்டத்தில் கழுத்தில் மாலையோடு நின்று, "மாணவர்களும் பொதுமக்களும் கொண்டுவந்த தண்ணீரை எல்லாம் நாங்கள் அன்றைக்கே சோதித்தோம், கடல் சுத்தமாக இருந்தது" என்று பேசினீர்கள். நான் கடைசி வரிசையில் இருந்தேன். எழுந்து கத்தப் போனேன், பக்கத்தில் இருந்தவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். அதனால் எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வாசகர்களுக்கு முதலில் மோப்பம் சாரைத் தெரிய வேண்டும். மெட்ராஸ்காரர்கள் அத்தனை பேருக்கும் பங்கு போட வேண்டிய மூக்கைக் கடவுள் ஒரே ஆளிடம் கொட்டிவிட்டார். அந்த ஆள்தான் மோப்பம் சார். ஒரு கல்லூரியில் ரசாயன வாத்தியார். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்திருப்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் பிரிக்குமுன் மோந்து பார்த்து, "மஞ்சள் பழசு" என்பார். ஓட்டலில் சாம்பார் வாளி வாசலைத் தாண்டும்போதே, "நேத்தையது, எனக்கு வேணாம்" என்று குரல் கொடுப்பார். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி இவர் தலையைக் கண்டதும், "ஏலே, மூக்கு வருது, நல்ல சேலையா எடுத்துப் போடுலே" என்று ஆட்களை விரட்டுவார்.

நான் அப்போது மந்தைவெளியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கிளார்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார், பொடி போடறது உண்டா?"

"இல்லை."

"மூக்கு சுத்தம். வாங்க என்கூட."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை.

அங்கே மீனவர் குப்பத்தை ஒட்டி ஒரு சாக்கடைக் குழாய் கடலில் விழுந்துகொண்டிருந்தது. குப்பத்துப் பிள்ளைகள் விளையாடுவதும் முங்குவதும் அந்தத் தண்ணீரில்தான். மீன் விற்கும் முனியம்மாவின் சின்ன மகளுக்குக் கால் முழுக்கப் புண். ஆறும், மறுபடி வரும். குழாயைத் தள்ளி வையுங்கள் என்று முனியம்மா, நீங்கள் அதிகாரியாக இருந்த சாக்கடை இலாகா ஆபீசுக்கு வந்தபோது, தண்ணீர் கெட்டது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டீர்கள். அந்த ஆதாரத்தைத் திரட்டத்தான் சார் தன் மாணவர்களையும், என்னைப் போல் கையில் சிக்கியவர்களையும் சேர்த்தார்.

முதல் நாளே முனியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இன்னா சார், தண்ணிய மோந்துகினு கீற? நாங்க பொறந்ததுலேர்ந்து அத்ததான மோந்துகினு கீறோம்!"

"அதனாலதாம்மா உன்னைக் கேக்கறேன். எப்படி நாறுது?"

"கப்பு அடிக்குது."

ஒரு மாணவன் 'துர்நாற்றம்' என்று எழுதினான். சார் அவன் மேல் பாய்ந்தார். "துர்நாற்றம்னா என்னடா? செத்த எலியா, அழுகின முட்டையா? அவங்க சொன்னதை எழுது. கப்பு!" அதன்பின் எங்கள் கணக்கில் லேசான கப்பு, கப்பு, தாங்காத கப்பு என்று மூன்று தரம் உண்டானது. மூக்கு சொன்ன பிறகுதான் தண்ணீர் பாட்டிலுக்குள் போகும்.

பாட்டில்தான் தகராறு. கொதிநீரில் போட்டு எடுத்த பாட்டில். உள்ளே விரல் படக்கூடாது, மூடியின் உட்புறம் எதன் மேலும் படக்கூடாது. பையன்கள் மூடியை மணலில் வைத்தார்கள். ஒருவன் பாட்டிலின் உள்ளே ஈரமாக இருக்கிறதே என்று கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தான். சார் தலையில் அடித்துக்கொண்டார். அப்போது சித்திரக்குளம் பக்கத்திலிருந்து காற்று வாங்க வரும் ஒரு மாமி கேட்டாள்:

"இதுக்கு ஏன் இவ்வளவு கத்தறேள்? எதுவும் மேல படாம, சுத்தமா, மடியா எடுக்கணும், அதானே?"

சார் துள்ளினார். "அதேதான் மாமி! மடி! டேய், எல்லாரும் இனிமே மடியா எடுங்கடா!"

"இன்னாது, மடில கட்டிக்கினு வரணுமா?" என்று முனியம்மா புடவைத் தலைப்பைப் பிரித்தாள். விளக்கிச் சொல்ல அரை மணி ஆனது. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு ஒரு பாட்டில்கூட வீணாகவில்லை. மாமிதான் எங்களில் முதல் மார்க்.

மதுவிலக்கு திரும்ப வந்திருந்த சமயம் அது. கூடை நிறையப் பாட்டிலோடு சார் தெருவில் நடந்தால் சும்மா விடுவார்களா? லஸ் முனையில் ஒரு கான்ஸ்டபிள் மறித்தார்.

"இன்னாய்யா பெரிசு, வாத்தியார் மாதிரி கீற, சாராயமா?"

"மோந்து பாருங்களேன்."

கான்ஸ்டபிள் ஆசையாக இழுத்து மோந்தார். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்து ஓரம் ஓடினார். எங்கள் தண்ணீரை மோந்து பார்த்த முதல் அரசாங்க ஊழியர் அவர்தான். இரண்டாவது ஆள் நீங்கள். அவருக்குச் சரியான பாட்டில் கிடைத்தது.

உங்களுக்குக் கொடுக்க வேண்டிய தண்ணீரைத் தை அமாவாசையன்று காலையில் எடுத்தோம். சார் பனியில் இடுப்பளவு நீரில் நின்றார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மூக்கு அடைத்துக்கொண்டது. மறுநாள் சார், முனியம்மா, மாமி, நான் நால்வரும் கூடையோடு உங்கள் அறைக்கு வந்தோம். மேலாக இருந்த ஒரு பாட்டிலை எடுத்துத் திறந்தீர்கள். உங்கள் முகம் மலர்ந்தது.

"ஆகா, பச்சைக் கற்பூரம்! பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி இருக்கே! துளசிகூட மிதக்குது!"

எல்லோரும் மாமியைப் பார்த்தோம். மாமி கொஞ்சமும் கலங்கவில்லை. "சமுத்திர ஜலம், அதுவும் தை அமாவாசை. மடியா எடுத்துண்டு ஒரு துளசி போடாம எப்படிக் கொண்டுவரது? நன்னா இருக்கட்டுமேன்னுதான் கற்பூரமும் போட்டேன்."

நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். உங்கள் பியூனும் சிரித்தான். சார் மூக்கடைப்போடு, "பத்த பாட்டிலையும் தொறங்க சார்" என்று கெஞ்சினார். மத்த என்பது பத்த என்று வந்தது.

"பத்தா? மேலேயே இருக்கும் போலிருக்கே" என்று அதற்கும் சிரித்தீர்கள்.

"அய்ய, கீழ கீறத தொறந்து பாரு சார்! எம் பொண்ணு காலு அதுலதான் கீது!" என்றாள் முனியம்மா.

"ஒண்ணைப் பார்த்தாப் போதும்மா. வச்சிட்டுப் போங்க" என்றீர்கள். கூடையைப் பியூன் மூலையில் தள்ளினான். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் கேட்கிறது.

வெளியே வந்ததும் நான் மாமியைத் திட்ட வாயைத் திறந்தேன். சார் என் தோளைப் பிடித்தார். "மடின்னு சொல்லிக் கொடுத்தது நான்தானே? மடின்னா துளசி வரத்தானே செய்யும்? மூக்கு நல்லா இருந்தா, பாட்டிலை வாங்கறப்போ மாமி வீட்டு வாசல்லயே கண்டுபிடிச்சிருப்பேன். மாமி, அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்கதானே?"

மாமி அப்போதுதான் அழுதாள்.

அடுத்த ஞாயிறும் போனோம். அதற்கடுத்ததும். கூடை கூடையாக உங்கள் ஆபீசுக்கு வந்தது, வாசலிலேயே திரும்பியது. தீர்த்தக் கோஷ்டி என்று பியூன் பெயர் வைத்திருந்தான். குழாய் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. முனியம்மாவின் மகளுக்கு இப்போது கல்யாண வயது. முழங்காலுக்குக் கீழே தழும்பு இல்லாத இடம் இல்லை.

கேள்வி ஒன்றுதான். அன்று அந்தக் கூடையில் இருந்த மற்ற பாட்டில்களைத் திறந்தீர்களா, இல்லையா? திறந்திருந்தால், என்ன இருந்தது? திறக்கவில்லை என்றால், மாலை போட்டுக்கொண்டு அந்தப் பொய்யை ஏன் சொன்னீர்கள்? எனக்குத் தனியாக எழுத வேண்டாம். இதே பத்திரிகையில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள்.

மோப்பம் சார் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறார். சளி பிடித்துப் பிடித்து மூக்கு செத்துவிட்டது, ஒரு வாசனையும் தெரிவதில்லை. ஆனாலும் பத்திரிகை வந்ததும் முதலில் மோந்துதான் பார்க்கிறார். பிறகு என்னிடம் கொடுத்து, "படிய்யா" என்கிறார். அவர் இருக்கும்போதே நான் படித்துக் காட்ட வேண்டும். பதில் எழுதுங்கள்.