மேனேஜர் கிரெடிட்டைக் காசாக்கிய கதை

அந்த மனிதர் எந்த ஆபீசிலும் மேனேஜர் இல்லை. தண்ணீர்க் குழாய் விற்கும் கடையில் பில் போடுகிறவர். ஆனாலும் குடியிருப்பு முழுக்க அவருக்கு மேனேஜர் என்றுதான் பெயர். சுவர் ஒழுகினாலும் சரி, கேஸ் தீர்ந்தாலும் சரி, "மேனேஜ் பண்ணிக்கலாம், விடு" என்பார். மேனேஜ் பண்ணுவது அவர் மனைவி என்பது வேறு விஷயம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் காலை, பாதி முகத்தில் சவர நுரையோடு கண்ணாடி முன் நின்று சபதம் செய்தார்.

"போனுக்குள்ள போன காசைக் கையில கொண்டு வராம ஓயமாட்டேன்!"

நடந்தது இதுதான். தொப்பையைக் குறைக்கிறேன் என்று ஆன்லைன் கடையில் ஓர் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கினார். தொப்பை குறையவில்லை. துண்டு காயப்போடத்தான் சைக்கிள் பயன்பட்டது. திருப்பி அனுப்பினார். கடைக்காரனும் பணத்தைத் திருப்பினான். ஆனால் பாங்குக்கு அல்ல, தன் ஆப்புக்குள்ளேயே. 'ஸ்டோர் கிரெடிட்' என்று பச்சையாக மின்னியது. கண்ணால் பார்க்கலாம், அதே கடையில் வேறு பொருள் வாங்கலாம், கையில் மட்டும் எடுக்க முடியாது.

"ஆப்புன்னு பேரு வெச்சப்பவே நான் உஷாராகியிருக்கணும்," என்றார் மேனேஜர்.

அவருக்கு ரொக்கம் அவசரமாக வேண்டும். சிநேகிதர்கள் கடலோரமாகச் சுற்றுலா போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பங்கைக் கையில் வைத்தால்தான் வண்டியில் இடம். "முதல் ஆளா என் காசு வரும்" என்று வேறு மார்தட்டிவிட்டார். வீட்டிலோ மனைவியின் தையல் மிஷின் நொண்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். யூனிஃபார்ம் துணி மலையாகக் குவிந்து கிடக்க, மிஷின் தையல் விட்டு விட்டு ஓடியது.

"என்னங்க, அந்த ஆன்லைன் காசு சும்மாதானே கிடக்கு? எனக்கு ஒரு மிஷின் வாங்கித் தாங்களேன்."

"அந்தக் கடையில மிஷினே கிடையாதும்மா."

"ஊசி விக்கிறான், நூல் விக்கிறான். மிஷின் விக்க மாட்டானா?"

"ஆணி விக்கிறவன் எல்லாம் வீடு விக்கிறானா?"

அவள் வாயில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துத் துணியில் குத்தினாள். பெண்டாட்டியையே வாயடைக்க வைத்துவிட்டோமே என்று மேனேஜருக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி இருந்தது.

அவர் திட்டம் எளிமையானது. யாருக்காவது அந்தக் கடையில் ஏதாவது வேண்டும். கிரெடிட்டில் இவர் வாங்கிக் கொடுப்பார். அவர்கள் இவருக்கு ரொக்கம் கொடுப்பார்கள். "இந்த மூளை ஒருத்தனுக்கு இருக்குமா!" என்று தன் தலையைத் தானே தடவிக்கொண்டு, முதலில் முடிவெட்டும் கடைக்குப் போனார்.

"புது ட்ரிம்மர் வேணும்தான். ஆனா கையில காசு இல்ல. அதுக்குப் பதிலா ஒரு வருஷம் உங்களுக்கு இலவசமா முடி வெட்டிவிடுறேன்."

மேனேஜர் கண்ணாடியைப் பார்த்தார். இருக்கிற முடிக்கு ஒரு மாதமே தாராளம். எழுந்து வந்துவிட்டார்.

மாடிப்படியில் மூன்றாவது மாடி நர்ஸ் எதிரே வந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு ஆன்லைன்ல வாங்கத் தெரியும்ல? எனக்கு ஒரு தையல் மிஷின் வேணும். முழுசும் ரொக்கமா குடுத்துடுறேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஆனாலும் மேனேஜர் புத்திசாலி அல்லவா, கேள்வி கேட்டார்.

"உனக்குத் தைக்கத் தெரியுமாம்மா?"

"என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? பத்து வருஷமா தையல் போடுறேன். துணியில போட்டதில்ல, அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, அண்ணிக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா அவங்களும் கேப்பாங்க."

"நானே சொல்லலாம்னு இருந்தேன்! மூச்சு விடமாட்டேன்."

அன்று மாலையே பணம் வந்தது. ரப்பர் பேண்டுக்குப் பதில் நீல நூலால் கட்டியிருந்தது. ஆஸ்பத்திரி நூலாக்கும் என்று நினைத்துக்கொண்டார் மேனேஜர். மனைவியிடம் மிஷினே கிடையாது என்று சொன்ன அதே கடையில் மிஷினுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, பணத்தைப் பேண்ட்டின் உள்பாக்கெட்டில் திணித்தார். திணித்த இடத்தை அன்றைக்குப் பலமுறை தட்டிப் பார்த்தார். ஊரில் எத்தனையோ பேர் கிரெடிட்டோடு தவிக்க, தான் ஒருவன் அல்லவா அதைக் காசாக்கியவன்!

சனிக்கிழமை பெட்டி வந்து இறங்கியது. தைத்ததைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மனைவி கிளம்பிப் போயிருந்தாள். நல்ல சகுனம்.

"லிஃப்ட் ஓடல. நீங்கதான் மனசு வைக்கணும்," என்றாள் நர்ஸ். "ஆனா இந்தப் பேண்ட்டோட தூக்காதீங்கண்ணே. குனிஞ்சா கிழிஞ்சுடும்."

நியாயம்தான். மேலே வீட்டுக்குப் போய்ப் பேண்ட்டை ஆணியில் மாட்டிவிட்டு, அரைக்கால் சட்டையோடு இறங்கி வந்து பெட்டியைத் தோளில் ஏற்றினார். முதல் மாடியில் மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில் நாக்கு தள்ளியது. அங்கே அவர் வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது. வாசலில் மனைவி.

"இங்கேயே இறக்கிடுங்க. ஜன்னலோரமா."

"இது... இது நர்ஸ் வீட்டு..."

"எனக்கு எதுக்குண்ணே மிஷின்?" என்றாள் பின்னால் வந்த நர்ஸ். "பட்டன் பிச்சுக்கிட்டா அண்ணிகிட்டதானே குடுக்கிறேன்."

பெட்டியை இறக்கிய வேகத்தில் மேனேஜர் உள்ளே ஓடினார். பேண்ட் ஆணியில்தான் இருந்தது. உள்பாக்கெட் காலி.

"அடியே, காசு எங்க?"

"அந்த உள்பாக்கெட்டைத் தைச்சதே நான்தாங்க. எனக்குத் தெரியாதா?"

"அது நர்ஸ் குடுத்த காசு!"

"நர்ஸுக்குக் குடுத்தது யாரு? நான் தைச்சுச் சேர்த்த காசு. போன வழியே திரும்பி வந்துடுச்சு."

சத்தம் கேட்டு மாடி முழுக்கக் கூடிவிட்டது. பெட்டியைப் பார்த்தார்கள். வியர்வையில் குளித்து நிற்கும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

"பொண்டாட்டிக்கு மிஷினும் வாங்கி, தோள்ல வேற தூக்கிட்டு வந்திருக்காரே! மனுஷன்னா இவரு மனுஷன்!"

மேனேஜர் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் நெஞ்சு அவரைக் கேட்காமலே நிமிர்ந்துவிட்டது. "அதெல்லாம் ஒரு விஷயமா, மேனேஜ் பண்ணிட்டேன்" என்று சொல்லியும் விட்டார். கூட்டம் கலைந்ததும் மெதுவாக மனைவியிடம் நெருங்கினார்.

"மிஷினும் உனக்கு, காசும் உனக்கு. எனக்குன்னு ஏதாவது மிச்சம் இருக்கா?"

அவள் புது மிஷினில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னாள்.

"இல்லாம என்னங்க? கிரெடிட் பூரா உங்களுக்குத்தான். கேஷ் மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."