பதினாலு நாள் இலவசம்

என் மகள் சங்கரிக்கு ஏற்கெனவே ஒருமுறை கல்யாணம் ஆகிவிட்டது. அன்றைக்கு அது அவளுக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் தெரியாது. மண்டபத்தில் இருந்த மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏற்பாடு செய்தவள் நான். (எனக்கும் தெரியாது என்பதை என் தரப்பு வாதமாகப் பதிவு செய்துகொள்கிறேன்.)

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போதும் யாராவது பத்திரிகையை நீட்டினால் என் கை ஒரு நொடி பின்வாங்கும். குங்குமச் சிமிழைக் கண்டால் வேலை இருப்பதுபோல எழுந்து உள்ளே போய்விடுவேன்.

சங்கரி பெங்களூரில் நல்ல சம்பளத்தில் இருந்தவள். ஒருநாள் பெட்டியோடு அம்பாசமுத்திரம் வீட்டுக்கு வந்து, மாடி அறையில் மேஜை போட்டு, ஒரு தோழியோடு சேர்ந்து சொந்தமாக மென்பொருள் நிறுவனம் தொடங்கிவிட்டாள். தையல் கடைக்காரர்களுக்கான செயலி. பெயர் ஊசிநூல். வாடிக்கையாளரின் அளவைக் குறித்து வைத்துக்கொள்ளும். துணி எந்தத் தேதிக்குத் தயாராகும் என்று சொல்லும். தயாரானதும் அவர்களுக்குத் தகவல் அனுப்பும். கடைக்காரர் இதற்கு மாதாமாதம் ஒரு சிறு தொகை கட்ட வேண்டும்.

“கேபிள் டிவி மாதிரியா?” என்று கேட்டேன்.

“கிட்டத்தட்ட அப்படித்தாம்மா. படம் மட்டும் வராது.”

நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்துகிறவள். மென்பொருள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக ரவிக்கை தைக்கக் கொடுத்தவள் என்ற முறையில் ஒரு சந்தேகம் முதல் நாளே வந்தது. தையல் தொழிலே ‘நாளைக்கு வாங்க’ என்ற இரண்டு சொல்லில் ஓடுவது. அங்கே போய் உண்மையான தேதியைச் சொல்லும் ஒரு கருவியை விற்றால் யார் வாங்குவார்கள்? வாங்கினார்கள். தீபாவளிக்கு முன்னால் ஆசையாகச் சேர்ந்து, தீபாவளி முடிந்ததும் விலகினார்கள். கல்லிடைக்குறிச்சியில் ஒரு கடையைப் பிடிப்பதற்குள் ஆழ்வார்குறிச்சியில் இரண்டு கடை கழன்றுவிடும். மாடியிலிருந்து இறங்கி வரும்போது அவள் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை கடை போயிற்று என்று சொல்லிவிடுவேன்.

இந்த நிலையில், சின்ன நிறுவனங்களில் பணம் போடும் ஒருவர் பெங்களூரிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. வருண் என்று பெயர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து வாடிக்கையாளர்களை நேரில் பார்ப்பார். பிடித்திருந்தால் பணம் போடுவார். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை, சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே சங்கரி தன் அப்பாவிடம் சொன்னாள். “சரியா வரலைன்னா பழைய வேலைக்கே போயிருதேம்ப்பா.” ரொம்ப இலேசாகத்தான் சொன்னாள். ஏற்கெனவே பளபளவென்று இருந்த தட்டை மறுபடியும் கழுவினாள்.

அதைப் பார்த்துத்தான் நான் உதவி செய்வது என்று முடிவெடுத்தேன்.

சங்கரி அதற்குள் சேர்ந்தவர், விலகியவர், இனி சேரக்கூடியவர் என்று எல்லாக் கடைக்காரர்களையும் வாட்ஸப்பில் அழைத்திருந்தாள். எல்லோரும் பார்த்ததற்கு அடையாளம் இருந்தது, பதில் மட்டும் இல்லை. ஒருவர் மட்டும் காலை வணக்கம் சொல்லி ரோஜாப்பூப் படம் அனுப்பியிருந்தார்.

“வாட்ஸப்ல கூப்பிட்டா எவன் வருவான்? நேர்ல போயி, பத்திரிகை குடுத்துக் கூப்பிடணும்” என்றேன்.

யோசித்தாள். வேறு வழியில்லாததால் சம்மதித்தாள். “சரிம்மா. ஆனா இது தொழில் விஷயம். மஞ்ச கிஞ்ச தடவிராத.”

“எனக்குத் தெரியாதாக்கும்” என்றேன்.

அச்சகத்தில் இருந்தது எல்லாமே பிள்ளையார் படம் போட்ட, தங்க எழுத்து அட்டைகள்தான். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளே இருந்த வாசகத்தில் ஒரு பிழையும் கிடையாது. சங்கரி தொடங்கியிருக்கும் ஊசிநூல் மென்பொருளின் அறிமுக விழா, தேதி, மண்டபம், மதிய உணவு உண்டு. எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை காலை பத்திரிகைக் கட்டைப் பிரித்து மடியில் வைத்தபோது, பக்கத்தில் பூஜைக்குக் குழைத்த மஞ்சள் கிண்ணம் இருந்தது. கை தானாகப் போயிற்று. நான்கு மூலைக்கும் தடவி முடித்து, காயப்போட்ட பிறகுதான் சங்கரி சொன்னது ஞாபகம் வந்தது. (வேதியியல் படித்தது மூளைதான். கை எதுவும் படிக்கவில்லை.) சரி, மஞ்சளால் யாருக்கு என்ன கெடுதல் என்று இருந்துவிட்டேன்.

என் கணவர் கூட்டுறவு வங்கியில் வேலை பார்ப்பவர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார். அவரோடு ஸ்கூட்டரில் கிளம்பினேன். தம்பதியாகப் போய்க் கூப்பிட்டால்தானே மரியாதை. கையில் குங்குமச் சிமிழும் கற்கண்டும். தையல் கடைகளை முடித்ததும், இவர்கள் மட்டும் வந்தால் மண்டபம் காலியாகத் தெரியுமே என்று கவலை வந்தது. உடனே சொந்தக்காரர்களையும் சேர்த்தேன். வள்ளியூர்ச் சித்தப்பா, பாபநாசத்தில் இரண்டு வீடு, ஆழ்வார்குறிச்சியில் என் கணவரின் அக்கா கோமதி மதினி.

எங்கள் பக்கம் குங்குமச் சிமிழோடு படியேறும் தம்பதியிடம் யாரும் விசாரணை நடத்துவதில்லை. பத்திரிகையைப் படிப்பதும் இல்லை. தேதியையும் மண்டபத்தையும் பார்த்துவிட்டு அலமாரியில் செருகிவிடுவார்கள். கோமதி மதினி மட்டும் மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதும் படித்தாள். எதையோ தேடுகிறவள் போலத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். பிறகு பத்திரிகையை மடித்து, என் கையைப் பிடித்து அழுத்தினாள். மென்பொருள் துறையில் மதினிக்கு இவ்வளவு ஈடுபாடா என்று நெகிழ்ந்துபோனேன்.

மண்டபத்தில் முந்தின நாள் வேறொரு கல்யாண வரவேற்பு. மேடை அலங்காரத்தை இன்னும் பிரிக்கவில்லை. பூத்தூண்களுக்கு நடுவே சிவப்பு வெல்வெட் போட்ட இரண்டு சிம்மாசனங்கள். அலங்காரச் செலவு மிச்சம் என்று மகிழ்ந்தேன். சாப்பாட்டுக்கு, பெங்களூர்க்காரர் நம் ஊர்ச் சமையலை ருசிக்கட்டும் என்று சொதிக்குச் சொல்லியிருந்தேன். தேங்காய்ப்பாலில் காய்கறி போட்டு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியோடு பரிமாறுவது. எங்கள் வீடுகளில் கல்யாணத்தை ஒட்டி மாப்பிள்ளை வீட்டாருக்கு அதைத்தான் போடுவோம். அந்த விஷயமும் அன்றைக்கு என் நினைவில் இல்லை.

கைத்தறிச் சேலையில் கிளம்பிய சங்கரியை நான்தான் பட்டுக்கு மாற்றினேன்.

கூட்டம் திரண்டது. எல்லோரும் குடும்பத்தோடு வந்தார்கள். என் தையல்காரர் இசக்கி அண்ணாச்சி மனைவி பிள்ளைகளோடு, பளபளப்புத் தாள் சுற்றிய ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் குத்துவிளக்கு, குக்கர், சுவர்க்கடிகாரம். மாதச் சந்தா மென்பொருளுக்கு நம் ஊரில் இவ்வளவு மரியாதையா என்று என் கண் கலங்கிவிட்டது.

வருண் வந்தார். ஒல்லியான, சாதுவான பையன். தமிழ் தெரியாது. சந்தனம் குங்குமம் கொடுத்து, மாலை போட்டு, நல்ல நாற்காலி என்பதால் சிம்மாசனத்தில் உட்காரவைத்தேன். நிறுவனத்தின் முதலாளி என்ற முறையில் சங்கரிக்கும் ஒரு மாலை போட்டேன். கணினி வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததால் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. உங்கள் வாடிக்கையாளர்கள் எப்போதும் இப்படிப் பரிசோடுதான் வருவார்களா என்று வருண் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். எங்கள் ஊரில் அப்படித்தான் என்றேன். அவர் கண்கள் விரிந்ததைப் பார்த்தபோது, பணம் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

கோமதி மதினி என்னை ஓரமாக இழுத்தாள். “நீ ஒண்ணும் சொல்லாண்டாம். காலம் மாறிட்டு. யாரும் ஒண்ணும் கேக்கப்பிடாதுன்னு நானே எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். பையன் லெட்சணமாத்தான் இருக்கான்.”

வந்த விருந்தாளியை யாரும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாது என்கிறாள், எவ்வளவு பொறுப்பு என்று எண்ணிக்கொண்டேன். பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இல்லாததைப் பார்த்து, இது வேற்றுச் சாதிக் காதல் கல்யாணம், பாவம் பெயர் போடக்கூடக் கூச்சப்படுகிறார்கள் என்று மதினி முடிவுகட்டியதும், மனதைத் திடப்படுத்திக்கொண்டு எங்கள் பக்கம் நிற்பதென்று தீர்மானித்ததும், அதற்காக வள்ளியூர்வரை போன் போட்டுச் சண்டை பிடித்ததும் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

சங்கரி பேசத் தொடங்கினாள். அவர்கள் தலைக்கு மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியில் படங்கள் விழுந்தன. அதற்குள் சொந்தக்காரர்கள் வரிசையாக மேடையேறி, வருணின் கையில் பரிசைக் கொடுத்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். கடைக்காரர்களின் உற்சாகம் என்று நினைத்து அவரும் எழுந்து எழுந்து கும்பிட்டார். சங்கரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த படத்தைப் போட்டாள்.

வள்ளியூர்ச் சித்தப்பா தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணில் படுகிற எந்தப் பலகையையும் உரக்கப் படித்துவிடுவது அவர் பழக்கம். முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தார்.

“முதல் பதினாலு நாள் இலவசம். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம். காரணம் கேட்க மாட்டோம்.”

சமையல்கட்டில் அப்பளம் பொரியும் சத்தம் மேடைவரை கேட்டது.

கோமதி மதினி எழுந்தாள். “ஆளு யாருன்னு நான் கேக்கல. ஊரு என்னன்னு கேக்கல. அது என்னட்டீ பதினாலு நாளு?”

சங்கரி மகிழ்ச்சியோடு மைக்கைப் பிடித்தாள். அன்றைக்குக் கூட்டத்திலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான். “எங்க பிசினஸ்ல அதுதான் வழக்கம் அத்தை. மொதல்ல பழகிப் பாக்கணும். புடிச்சாத்தானே வச்சுக்கிடுவாங்க?”

இசக்கி அண்ணாச்சியின் மனைவி தன் மகளைப் பக்கத்தில் இழுத்து அணைத்துக்கொண்டார்.

“மாசாமாசம் வேண்டாம்னா, ஒரு வருஷத்துக்குச் சேத்தும் எடுத்துக்கிடலாம். அதுல தள்ளுபடி உண்டு” என்று என் மகள் மேலும் விளக்கினாள்.

மதினி உட்கார்ந்துவிட்டாள். யாரோ அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். “என்னவே இது, மாலையும் கழுத்துமா நின்னுக்கிட்டு இப்படிப் பேசுதா” என்று சித்தப்பா பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்கே கேட்டது. அப்போதுதான் சங்கரி குனிந்து தன் கழுத்து மாலையைப் பார்த்தாள். பிறகு வருணின் மாலையை. பிறகு இரண்டு சிம்மாசனம், குத்துவிளக்கு, குக்கர். முதல் வரிசையில் ஒருவர் கையிலிருந்த பத்திரிகையை எட்டி வாங்கி, மூலையைத் தடவிப் பார்த்தாள். மைக் அவள் கையிலேயே இருந்தது.

“அம்மா. மஞ்சத் தடவுனியா?”

ஒலிபெருக்கிகளில் ஒன்று தெருவைப் பார்த்து இருந்தது.

என் கணவர்தான் மேடையேறி மைக்கை வாங்கினார். “இது கல்யாணம் இல்ல. பிள்ள கம்பெனி நடத்துது. அதுக்கு ஆள் சேக்கத்தான் கூப்பிட்டோம். சாப்பாடு தயார்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் தொடர்ச்சியாகப் பேசியதில் அதுதான் நீளமானது.

சங்கரி வருணின் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவர் மாலையை மெதுவாகக் கழற்றி, வெடித்துவிடும் பொருளைப் போலச் சிம்மாசனத்தில் வைத்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அப்படியானால் இவர்கள் யாரும் உங்கள் வாடிக்கையாளர்கள் இல்லையா? ஏதாவது சொல்லிச் சமாளி என்று என் மனசு அடித்துக்கொண்டது. அவள் உண்மையைச் சொன்னாள். மிகச் சில பேர்தான், மற்றவர்கள் அம்மாவுக்காக வந்தவர்கள் என்றாள்.

வருண் சொதியை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். சில நாள் கழித்து மறுத்து எழுதினார். இந்தச் சந்தை மிகவும் சிறியது என்று காரணம் சொல்லியிருந்தார். கடைசி வரியில் சொதியின் செய்முறையைக் கேட்டிருந்தார்.

ஆனால் அன்றைக்கு மண்டபத்தில் இன்னொன்றும் நடந்தது. நான் பந்தி பந்தியாகப் போய் ஒவ்வொருவரிடமும் பரிசைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். ஒருவரும் வாங்கவில்லை. இசக்கி அண்ணாச்சி கை கழுவிவிட்டு நேரே சங்கரியிடம் வந்தார்.

“சொதி சாப்பிட்டாச்சு. இனி சும்மா போனா நல்லாருக்காது. அதுல என் பேரப் போடும்மா.”

“மொதல்ல பதினாலு நாள் பாருங்க அண்ணாச்சி. இலவசம்தான்.”

“நமக்குள்ள இலவசம் எதுக்கு?”

அவருக்குப் பின்னால் மற்றத் தையல்காரர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் வள்ளியூர்ச் சித்தப்பாவும் நின்றார். (அவருக்குத் தையல் கடை கிடையாது. எவ்வளவு சொல்லியும் கேட்காமல் சேர்ந்தார். இன்றுவரை விலகவும் இல்லை.)

அன்றைக்குச் சேர்ந்தவர்கள் யாருமே விலகவில்லை. சங்கரி மாதாமாதம் நம்பமுடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நான் ரவிக்கை வாங்கப் போனபோது இசக்கி அண்ணாச்சியிடமே கேட்டுவிட்டேன். “கல்யாண வீடு மாதிரி வந்து சாப்பிட்டிருக்கோம். அதை எப்படி டீச்சரம்மா நிறுத்த?” என்றார். ரவிக்கையை நாளைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

இப்போது சங்கரி புது ஊருக்குப் போனால் இலவச நாட்களைப் பற்றிப் பேசுவதில்லை. நேரில் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறாள். நிறுவனம் சின்னதுதான், ஆனால் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறது. பழைய வேலைக்குப் போகும் பேச்சை அவள் எடுப்பதில்லை. அழைக்கப் போகும்போது என்னையும் கூட்டிப்போகிறாள், கிளம்புமுன் என் விரல்நுனிகளைச் சோதித்த பிறகு.

எங்கள் குடும்பத்தில் இப்போதெல்லாம் யார் பத்திரிகை வைத்தாலும் கோமதி மதினி கேட்கும் முதல் கேள்வி, “இது பதினாலு நாளா, முழுசா?” என்பதுதான். சங்கரிக்கு உண்மையாகவே கல்யாணம் நிச்சயமானால் யார் நம்பி வருவார்கள் என்பது என் தீராத கவலை. பரிசுகூட ஏற்கெனவே வைத்தாகிவிட்டது.

போன மாதம் மாடியிலிருந்து இறங்கி வந்தவள், ஞாயிற்றுக்கிழமை ஒருவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன், முடிந்தால் சொதி வை என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

“கடைக்காரரா?” என்று கேட்டேன். தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “மாப்பிள்ளையா?”

கழுவியிருந்த தட்டை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள்.

“பதினாலு நாள் பொறும்மா” என்றாள்.